என் வெப்சைட்டில் என் நம்பரை மாற்ற முடியவில்லை

ஆவடியில் வீட்டுச் சாமான்களை ஏற்றி இறக்கும் தொழில் செய்கிறேன். டிரான்ஸ்ஃபரில் குவார்ட்டர்ஸைக் காலி செய்யும் குடும்பங்கள்தான் எனக்குப் பிழைப்பு. வெப்சைட் வேண்டும் என்றபோது, ஓப்பன் சோர்ஸ் மென்பொருளில் செய்யலாமா என்று டிசைனரிடம் கேட்டேன்.

"ஓப்பன்னா இன்னான்னு நெனச்சீங்க யக்கா? தொறந்து போட்ட ஊடு. எவன் வேணா பூந்துடுவான். நான் சொந்தமா எழுதினதுல போட்டுத் தரேன்" என்றான். பயந்துபோய்த் தலையாட்டிவிட்டேன்.

பிறகு என் டிரைவர் சண்டை போட்டுக்கொண்டு தனியாகத் தொழில் தொடங்கினான். ஆபீஸ் சிம் அவன் பெயரில் இருந்ததால் அதையும் கொண்டுபோய்விட்டான். வெப்சைட்டில் அதே நம்பர்! என் பெயரைப் பார்த்து அழைத்தவர்களின் சாமான்களை அவன் ஏற்றினான். உடைந்த பீரோவுக்கு நியாயம் கேட்டு ஓர் அம்மா என் வாசலில் வந்து கத்தினார்.

டிசைனரை அழைத்தால், "ஊர்ல கீறேன் யக்கா, வந்து பாத்துக்கலாம்" என்கிறான். முகப்பேரில் இன்னொரு டிசைனரான ஒரு பெண்ணிடம் ஓடினேன். "இது அவரே எழுதினது மேடம், அவர்தான் தொட முடியும். ஓப்பன் சோர்ஸா இருந்தா அந்த கோடு எல்லா டிசைனருக்கும் தெரியும், எங்கள்ல யார் வேணா திருத்திக் கொடுத்திருப்போம்" என்றாள். திருடன் வருவான் என்று மிரட்டி, என்னையே வெளியே நிறுத்திப் பூட்டிவிட்டானே!

நல்லவேளை, வெப்சைட் முகவரி என் பெயரில் இருந்தது. பழையதை எடுத்துவிட்டு, அதே முகவரியில் அவளிடமே ஓப்பன் சோர்ஸில் புதிதாகச் செய்யச் சொன்னேன். அவள் எதிரிலேயே போன் நம்பரை என் கையால் மாற்றிப் பார்த்த பிறகுதான் சரி என்றேன். இனி எதை வாங்கினாலும் அப்படித்தான்.

நேற்று பழைய டிசைனர் அழைத்தான். "வந்துட்டேன் யக்கா. இன்னாவோ மாத்தணும்னீங்களே?"

"மாத்திட்டேன்" என்றேன். "உன்னை."