கீல் வைத்த பெட்டிகள்

படிவத்தில் இரண்டு கட்டங்கள்: சம்மதம், சம்மதமில்லை. என் கணவர் எதில் டிக் போட்டார்? இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவர் விமானப்படையில் ஹெலிகாப்டர் ஓட்டுகிறார். குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும் சேர்ந்தவர்; அந்தக் காலம் முடியப்போகிறது. அதற்கு முன், நிரந்தர அதிகாரியாகத் தொடரச் சம்மதமா என்று எழுதிக் கேட்பார்கள். வேண்டாம் என்று எழுதிவிட்டு எங்கள் ஊரான தூத்துக்குடிக்குப் போய்விடலாம், தனியார் கம்பெனியில் வேலை பார்க்கலாம், மகள் ஒரே பள்ளிக்கூடத்தில் படிக்கட்டும் என்று பேசி முடித்திருந்தோம். நாலு வயதுக்குள் மூன்று ஊர் பார்த்துவிட்டாள்.

படிவம் கொடுக்க வேண்டிய அன்று அவளுக்குக் காய்ச்சல். நான் ஈரத்துணி மாற்றிக்கொண்டிருந்தேன். ஷூ மாட்டியபடி அவர் கேட்டார், "என்ன எழுத?"

"உங்க இஷ்டம்."

பேசி முடித்ததைத்தானே எழுதுவார் என்ற நினைப்பில் சொன்னது. மாலையில் கொடுத்தாச்சா என்றதற்குத் தலையசைத்தார். மேற்கொண்டு நான் கேட்கவில்லை.

எதை எழுதினாலும் இப்போது நாங்கள் இருக்கும் இந்தத் தீவை விட்டுக் கிளம்ப வேண்டும் என்பதால் சாமான் பெட்டிகளுக்குக் கடலுக்கு அக்கரையில் பாம்பூஃப்ளாட்டில் ஒரு தச்சரிடம் சொல்லியிருந்தார். மகளின் கட்டில் அளவைக் கொடுக்க, போன வாரம் சாத்தம் ஜெட்டியில் ஃபெர்ரி ஏறி நான் போனேன். இரண்டு பெட்டிகள் முடிந்திருந்தன. மூடிக்குக் கீல், பூட்ட கொண்டி, மூலைக்கு மூலை இரும்புத் தகடு.

ஊருக்கே திரும்புகிறவர்கள் பெட்டியை ஆணியடித்து மூடுவார்கள். அங்கே போய் உடைத்தால் வேலை முடிந்தது. மாற்றலில் சுற்றுகிறவர்கள்தான் கீல் வைப்பார்கள். மாற்றிச் செய்துவிட்டீர்களா என்று கேட்டேன். தச்சரும் தூத்துக்குடிப் பக்கம்தான், உரிமையாகச் சிரித்தார்.

"ஸாப் சொன்னதுதான் தங்கச்சி. பத்துப் பதினஞ்சு வருஷம் தாங்கணும்னாரு. மெயின்லேண்ட் பூரா சுத்திப் பாக்கப் போறீய, குடுத்து வச்சவ."

திரும்பும் ஃபெர்ரியில் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. கம்பெனிகளுக்கு விண்ணப்பம் போடுவதை நிறுத்திவிட்டார். தூத்துக்குடியில் வீடு பார்க்க இப்போதே அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்றார்.

வீட்டில் கேட்டேன். "நல்ல மரம், ஒடச்சு வீணாக்க வேண்டாமேன்னுதான்," என்றார், மகளின் செருப்பு வாரை மாட்டிக்கொண்டே, நிமிராமல்.

அதுவும் உண்மையாக இருக்கலாம். பரிசுப் பொட்டலத்தின் காகிதத்தைக்கூட மடித்து வைக்கிறவர். ஆனால் நிக்கோபாரிலிருந்து நோயாளியை ஏற்றி வந்து இறக்கிய நாட்களில் அவர் முகத்தில் ஒரு தெளிவு இருக்கும். தூத்துக்குடிப் பேச்சில் அதை நான் பார்த்ததில்லை. அன்று அவர் கேட்டது என் அனுமதியைத்தானோ? நான்தான் கொடுத்துவிட்டேனோ?

மாத முடிவில், நிரந்தரமாகத் தொடரப்போகிறவர்களின் பட்டியல் வருகிறது. படிவத்தின் நகல் அலமாரியில், அவருடைய நீலக் கோப்பில் இருக்கும். சாவி சமையலறை ஆணியில் தொங்குகிறது. திறந்து பார்த்தால் நம்பாதவள் ஆவேன். நேரே கேட்டால், "நீதானே என் இஷ்டம்னு சொன்ன" என்பார். பட்டியல் வரும்வரை பொறுத்தால், அதற்குப் பிறகு பேச ஒன்றும் மிஞ்சாது.

இப்படி ஒரு படிவம் உங்கள் வீட்டுக்கும் வந்திருந்தால், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.