பார்க்கச் சகிக்காத லாரி

அந்தக் கிராணியைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லச் சொன்னால் என்னால் முடியாது. முயன்று பார்த்திருக்கிறேன். எனக்கும் வயதாகிவிட்டது, போன மனிதரோடு இனி என்ன வம்பு என்று நினைத்துத்தான் வாயைத் திறப்பேன். திறந்ததும் வருவது வசவுதான். அவர் எங்கள் ரப்பர் தோட்டத்தின் பெரிய கிராணி, ஆபீஸ் கணக்கும் ஆள் பேர்ப்பட்டியலும் அவர் கையில், நான் லாரி டிரைவர். மலாயாவில், லுக்குட் ஊரிலிருந்து ஆறு மைல் உள்ளே இருந்தது தோட்டம்.

வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய் ஜப்பான்காரன் வந்த சில மாதங்களில் தோட்டத்து லாரியைப் பட்டாளம் எடுத்துக்கொண்டது. அப்போது அதை ஓட்டியவர் என் அக்காள் புருஷன், நான் அவருக்குக் கையாள். ஒரு சிப்பாய் லாரிக் கதவில் சுண்ணாம்புக் கட்டியால் பெரிதாக ஒரு வட்டம் போட்டான். அரை மணி நேரத்தில் லாரி போயிற்று, அதை ஓட்டிக்கொண்டு மச்சானும் போனார். லாரி போனால் டிரைவரும் போகவேண்டும், அதுதான் அவர்கள் வழக்கம். சயாம் பக்கம், ரயில் பாதை போடும் இடத்துக்கு என்றார்கள். அதற்குப் பிறகு ஒரு துண்டுச் சீட்டுகூட வரவில்லை. அக்காள் மூன்று பிள்ளைகளோடு என் லயத்து வீட்டுக்கே வந்துவிட்டாள். நானும் போய்விட்டால் அந்த வீட்டில் மரவள்ளிக்கிழங்கு அவிப்பதற்குக்கூட ஆள் கிடையாது.

கிராணி அப்போது ஆபீஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு அக்காளைக் கூப்பிட்டு, டிரைவர் வீட்டைக் காலி செய் என்று மட்டும் சொன்னார்.

ஒரு வருஷம் மாட்டுவண்டியிலேயே காலம் ஓடியது. ரப்பர் மரத்தை வெட்டிவிட்டு மரவள்ளி போட்டிருந்தோம். கிழங்கை லுக்குட் ஸ்டோருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க மாடுகளால் முடியவில்லை. ரப்பர் பால் டாங்கி ஏற்றிய பழைய ட்ரெய்லர் ஒன்று கொட்டகையில் கிடந்தது, அதை இழுக்க வண்டி இல்லை. கடைசியில் ஜப்பான் துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். சிரம்பானில் பட்டறை முதலாளியான ஒரு சீனத் தவுக்கேயிடம் சொந்தக்காரன் இல்லாத வண்டிகள் நிற்கின்றன, ஒன்றை எடுத்து வாருங்கள் என்று கிராணியையும் என்னையும் அனுப்பினார்.

கிராணிக்கு வேண்டியது தினமும் சிரம்பானுக்கும் லுக்குட்டுக்கும் ஜம்பமாகப் போய்வர ஒரு வண்டி. தோட்டத்துக்கு வேண்டியது ட்ரெய்லர் இழுக்க ஒரு வண்டி. எனக்கு வேண்டியது வேறு. நன்றாக இழுக்கவேண்டும், பார்த்தால் எந்தப் பட்டாளத்துக்காரனும் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும்.

பட்டறையில் ஓடக்கூடிய நிலையில் இரண்டுதான் இருந்தன. ஒன்று, காரை இடுப்போடு வெட்டிப் பின்னால் பலகைப் பெட்டி வைத்தது. கருநீல நிறம், தோல் சீட்டு, முன்னால் ஒரு கடிகாரம்கூட இருந்தது. கிராணி கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார், எழுந்திருக்க மனம் வரவில்லை. மற்றது ஒரு சின்ன லாரி. ஒரு விளக்கு இல்லை. மட்கார்டைக் கம்பியால் கட்டியிருந்தது. இடப்பக்கக் கதவு கயிற்றில் தொங்கியது. கூரை முழுக்கத் துரு.

நான் நேராக லாரியின் அடியில் படுத்தேன். சேஸிஸ் வளையாமல் நேராக இருந்தது. பின் அச்சில் வில் பட்டை ஒன்றுகூட உடையவில்லை. இழுக்கும் கொக்கி சேஸிசோடு சேர்த்து ஆணியறைந்து இறுக்கியிருந்தது. காரில் அந்தக் கொக்கி பலகையில் இரண்டு போல்ட்டில் நின்றது. எண்ணெயை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன், இரும்புப் பொடி இல்லை. பிறகு ஹாண்டில் போட்டு மெதுவாகச் சுற்றினேன். நாலு சிலிண்டரிலும் கைக்கு ஒரே மாதிரி எதிர்ப்பு. எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. இவ்வளவு நல்ல லாரி இவ்வளவு அசிங்கமாக எனக்கென்றே காத்திருந்ததுபோல இருந்தது.

"இதுலயா? நான் இதுல போய் எறங்குனா எவன்லா மதிப்பான்?" என்றார் கிராணி.

"ஐயா, கார் ட்ரெய்லர இழுக்காதுங்க. கிளட்ச் கருகிப் போயிடும்."

"ஒனக்கு எல்லாம் தெரியுமோ? நான் சொல்றேன், கார்தான்."

தவுக்கே நல்ல மனிதர். சண்டை வேண்டாம், இரண்டையும் இழுத்துப் பாருங்கள் என்று ஒரு ட்ரெய்லரில் பழைய இரும்பை ஏற்றினார். பெட்ரோல் கண்ணில் படாத காலம். வண்டிக்குப் பின்னால் கரியடுப்பு வைத்து, அதில் வரும் வாயுவில்தான் ஓட்டவேண்டும். அப்படி ஓட்டினால் எஞ்சினுக்குப் பாதிப் பலம் போய்விடும். பட்டறைக்கு வெளியே இருந்த மேட்டில் காரைக் கிராணியையும் உட்காரவைத்தே ஏற்றினேன். பாதி மேட்டில் முன்சக்கரம் லேசாயிற்று. ட்ரெய்லர் காரைப் பின்னுக்கு இழுத்தது. கிளட்ச் கருகும் நாற்றத்தில் கிராணி இருமிக்கொண்டே இறங்கினார். லாரியோ முதல் கியரில் முனகிக்கொண்டே நிற்காமல் ஏறியது.

வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டார். தோட்டத்துக்கு வந்ததும் துரையிடம் என்ன சொன்னார் தெரியுமா? "நான்தான் பொறுக்கி எடுத்தேன் துவான். டிரைவர் காரைக் கேட்டான், நான் விடவில்லை." என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னார். நல்லது எது நடந்தாலும் அது அவர் செய்தது, அவர் வாய் அப்படிப் பழகிவிட்டது. லாரி கிடைத்ததே என்று நான் கரியடுப்பைக் கிளறப் போனேன்.

ஒரு வாரம்தான் நிம்மதி. தன் பங்களா ஜன்னலுக்கு அடித்து மிச்சமிருந்த பச்சைப் பெயிண்டை எடுத்துக்கொண்டு கிராணி வந்தார். கதவைத் தச்சனிடம் கொடுத்துக் கீல் போட்டார். பங்களா நாற்காலியின் மெத்தையைப் பிடுங்கிச் சீட்டில் தைக்கச் சொன்னார். நான் பெயிண்ட் டின்னைப் பிடித்துக்கொண்டேன்.

"ஐயா, வேணாங்க. பளபளன்னு இருந்தா பட்டாளத்துக்காரன் கண்ணுல படும். எடுத்துக்கிட்டுப் போயிடுவான்."

"போனாப் போவட்டும். தோட்டத்து லாரிதான, எங்கப்பன் வீட்டு லாரியா?"

"லாரி போனா நானும் போவணுங்க. அக்கா பிள்ளைங்க இருக்கு."

"அதுக்கு நான் என்னா செய்ய? ஒன் ஒருத்தன் மூஞ்சிக்காக நான் பிச்சக்காரன் வண்டியில போவணுமா?"

இந்த வார்த்தையை நான் இன்றுவரை மறக்கவில்லை. அவர் முகத்தையும் மறக்கவில்லை. கேலிகூடச் செய்யவில்லை, உண்மையாகவே அவருக்கு அது புரியவில்லை. பெயிண்ட் அடித்தது நான்தான், அடிக்கச் சொன்னால் அடிக்கவேண்டும். சயாமுக்கு ஆள் கேட்டு வரும்போது பெயர் எழுதும் பேனா அவர் கையில் இருந்தது.

அடுத்து, தனக்கு ஓட்டச் சொல்லித்தா என்றார். சொல்லித்தந்தேன். கிளட்ச், கியர், பிரேக், எல்லாம் ஒழுங்காகத்தான் சொல்லித்தந்தேன், ரிவர்ஸ் தவிர. கேட்கும்போதெல்லாம், அந்தக் கியர் பல் தேய்ந்திருக்கிறது ஐயா, நீங்கள் போட்டால் உடைந்துவிடும் என்று பொய் சொன்னேன். முழுதும் தெரிந்துகொண்டால் அவருக்கு டிரைவர் எதற்கு? மறுவாரமே என் பெயர் பேனாவில் ஏறியிருக்கும்.

ஒருநாள் பங்களா வாசலில் லாரியைப் பின்னால் எடுத்துத் திருப்பத் தெரியாமல் வேலியில் முட்டிக்கொண்டு நின்றார். அவர் மனைவி வெளியே வந்து வாய்விட்டுச் சிரித்தார். அந்த அம்மாள் நல்லவர். அக்காள் பிள்ளைகளுக்குப் பழைய புடவையைக் கிழித்துச் சட்டை தைத்துக் கொடுத்தவர். இந்த மனிதனுக்கு இப்படி ஒரு மனைவியா என்று எனக்கு அதுவும் ஒரு கோபம்.

ஓட்டப் பழகியதும் கிராணிக்கு ஒரு புதுச் சட்டம். காட்டுப் பாதையிலும் மேட்டிலும் நான் ஓட்டவேண்டும். லுக்குட் கடைகள் தெரியும் சமதரைக்கு வந்ததும் அவர் ஓட்டுவார். நான் பக்கத்தில் உட்காரக்கூடாது, அழுக்குச் சட்டையோடு நான் இருந்தால் பார்க்க நன்றாக இல்லையாம். ட்ரெய்லரில் ஏறிக் கிழங்கு மூட்டைமேல் உட்காரவேண்டும். தினமும் அப்படித்தான் லுக்குட்டுக்குள் போனோம்.

அன்றைக்கும் அப்படித்தான். முச்சந்தியில் பட்டாளத்து லாரிகள் இரண்டு நின்றன, ஒன்று படுத்துவிட்டிருந்தது. ஓர் அதிகாரி கையைக் காட்டி எங்களை நிறுத்தினான். முழு ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு வந்த லாரியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். முன்மூடியைத் தட்டிக்கொடுத்தான். சிரித்துக்கொண்டே கிராணிக்கு ஒரு சிகரெட் நீட்டினான். கிராணிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கடைக்காரர்கள் எல்லாரும் பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

அப்போது ஒரு சிப்பாய் இடப்பக்கம் வந்து, புதுக் கீல் போட்ட பச்சைக் கதவில் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டான். கிராணியின் கவனமெல்லாம் சிகரெட்டில் இருந்தது. நான் மூட்டைமேலிருந்து பார்த்தேன்.

அதிகாரி மலாயில் கேட்டான், யார் டிரைவர் என்று.

"சாயா, துவான்! நான்தான். லாரியைப் பொறுக்கி எடுத்ததும் நான், ஓட்டுவதும் நான்," என்று கிராணி மலாயில் மார்தட்டினார். அதிகாரி என் பக்கம் விரலை நீட்டினான். "அது கூலி, துவான்," என்றார்.

டிரைவர் நான் என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. கீழே இறங்கி வரவும் நேரம் இருந்தது. பிள்ளைகளுக்காக வாயை மூடிக்கொண்டேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. மறுபாதி வன்மம். உன் வாயே உன்னைக் கொண்டுபோகட்டும் என்று நினைத்தேன், நினைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

பட்டாளத்துக்கு லாரி மட்டும் போதும் போலிருக்கிறது, சிப்பாய்கள் ட்ரெய்லரைக் கழற்றி ஓரமாகத் தள்ளினார்கள். ஒருவன் துப்பாக்கியோடு கிராணியின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. "டேய், எறங்கி வாடா! நீதானடா டிரைவரு, சொல்லுடா!" என்று தமிழில் கத்தினார். பிறகு மலாயிலும் கத்தினார். அதிகாரி என்னை நிமிர்ந்து பார்த்தான். நான் கூலி எப்படிப் பார்ப்பானோ அப்படித் தலையைக் குனிந்துகொண்டேன். லாரி கிளம்பிவிட்டது. கிளட்ச்சை அவர் நன்றாகத்தான் விட்டார்.

இரவல் மாடு கட்டி ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு தோட்டத்துக்குத் திரும்பினேன். அவர் மனைவி பங்களா வாசலுக்கு வந்தார். ஐயாவே டிரைவர் என்று சொல்லிவிட்டார் அம்மா, கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்றேன். நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது.

கிராணி திரும்பி வரவில்லை. மச்சானும் வரவில்லை. என்மேல் எனக்கு இருக்கிற கோபத்தால் அவர்மேல் இருக்கிற கோபம் ஒரு துளி குறைந்ததில்லை. ஆனால் அந்த அம்மாள் அன்றைக்கு என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. வேலிப் படலைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"அவருக்குப் பின்னால எடுக்கவே தெரியாதே, தம்பி. அங்க போயி எப்படி ஓட்டுவாரு? அடிப்பானுங்களே."

முன்னால் போவதை மட்டும்தான் நான் அவருக்குச் சொல்லித்தந்திருந்தேன்.