எதிர்காற்று கேட்பவர்கள்

பஸ் டயர் பஞ்சராகி ஆரல்வாய்மொழியில் நிற்கிறோம். சாலையோர மைதானத்தில் கல்லூரிப் பெண்கள் கால்பந்து பழகுகிறார்கள். தடுப்பாட்டக்காரிகள் நால்வரும் கணவாய்க் காற்றுக்கு எதிரே நின்று பந்தை மறிக்கிறார்கள். மண் பறக்கிறது, ஒருத்தியும் முகத்தைத் திருப்பவில்லை. தண்ணீர் குடிக்க வந்த கேப்டனிடம் காரணம் கேட்கிறேன்.

“நாளைக்கு இதே கிரவுண்டுல அருமனைக்காரங்ககூட மேட்ச், அக்கா. டாஸ் ஜெயிச்சா மொதப் பாதிக்கு எதிர்காத்துதான் கேப்போம். அப்பம் கால்ல தெம்பு இருக்கும்லா. போன வருசம் காத்துக்குச் சாதகமா தொடங்கினோம். பெறவு தளந்துபோயி, எதிர்காத்துல கோல் விட்டோம்.”

பந்து என்னிடம் உருண்டு வருகிறது. மைதானத்துக்குள் ஓங்கி உதைக்கிறேன். காற்று அதைத் தூக்கி, என் தலைக்கு மேலேயே பின்னால் தள்ளுகிறது. திரும்பிப் பார்க்கிறேன். அது விழும் இடத்தில் அவள் ஏற்கெனவே போய் நிற்கிறாள்.