மீன் கன்னத்துப் பூச்சி

சிவகாசியில் காலண்டர் படங்களைக் கம்ப்யூட்டரில் துடைத்துச் சுத்தமாக்குவதுதான் எங்கள் லட்சுமிகாந்தம் அக்காவின் வேலை. முருகன் முகத்தில் ஒரு புள்ளி இருந்தாலும் விடமாட்டார்.

தூத்துக்குடி ரொசாரியோ, ஆட்களைப் படகில் கூட்டிப்போய்ப் பவளப்பாறை மீன்களைக் காட்டுகிறவர். அந்த மீன்களையே போட்டுக் காலண்டர் ஆர்டர் தந்திருந்தார். மாதிரித் தாளைப் பார்த்ததும் எங்கள் அச்சக முதலாளி முன்னாலேயே அக்காவிடம் கத்தினார்.

"மீன் கண்ணுக்குக் கீழ இருந்த பூச்சி எங்க? மீனைக் கவ்விக்கிட்டு ஆயுசுக்கும் அங்கனயே கிடக்குற பூச்சி அது. அதைக் காட்டத்தான் காலண்டரே! எனக்கு ஆர்டர் வேண்டாம்!"

முதலாளி அக்காவை முறைத்தார். சீசனில் ஆர்டர் போனால் அக்காவின் வேலையும் போய்விடும். பக்கத்தில் காலண்டர்களின் மேல்விளிம்பில் தகரப் பட்டை அடித்துக்கொண்டிருந்த நான் பத்திரகாளியம்மனை வேண்டிக்கொண்டேன்.

"அழுக்குன்னு நெனச்சுத் தொடச்சுட்டேன் அண்ணாச்சி. இப்பவே வச்சுத் தாரேன்" என்ற அக்கா, மௌஸைப் பிடித்தபடி பணிவாகக் கேட்டார். "அடியில இருக்க உங்க போட்டோவுல, மூக்கு மேல இருந்த மருவையும் தொடச்சிருக்கேன். அதையும் வச்சிரவா?"

ரொசாரியோ மூக்கைத் தடவிக்கொண்டே தாளை மறுபடி பார்த்தார்.

"பூச்சிய மட்டும் வைங்கம்மா" என்றார் மெதுவாக. "ஆர்டர் இருக்கட்டும்."