உள்தோலின் காவலும் கூஜாத் தண்ணீரும்

இதை எழுத எனக்குத் தகுதி உண்டா என்று தெரியவில்லை. பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவன். திண்டிவனத்தில் மல்லாட்டை (நிலக்கடலை) வாங்கி விற்பவன். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சம். ஆனாலும் இதே நோயோடு குழந்தையை வைத்துக்கொண்டு பயந்திருப்பவர்கள் இருப்பீர்கள். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் நடுவில், எங்கள் மகள் சுமதிக்கு ஐந்து வயதில் தொடங்கியது. ஒண்ணுக்குப் போகக் கொல்லைக்குப் போனவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதாள். சாயங்காலம் குளிர்காய்ச்சல். உடம்புச் சூடு என்று வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தோம். பிறகு பக்கத்து டாக்டரின் மாத்திரையில் காய்ச்சல் விட்டது. கொஞ்ச நாளில் திரும்ப வந்தது. விடுவதும் வருவதுமாக ஆனது.

சிறுநீர்ப்பாதைத் தொற்று (கிருமி தங்கிவிடுவது) என்றார் டாக்டர். இப்படியே போனால் சிறுநீரகத்தில் தழும்பு விழலாம் என்று விழுப்புரத்துக்கு அனுப்பினார். அந்தத் தழும்புதான் எனக்கு நினைப்பெல்லாம்.

விழுப்புரத்தில் குழந்தை மருத்துவர் ஒரு டாக்டரம்மா. சிறுநீர் பிடித்துவரச் சொன்னார். சுமதி வெகுநேரம் உட்கார்ந்தும் வரவில்லை.

"காலையில என்ன குடிச்சா?"

"ஒண்ணும் குடுக்கலைங்க" என்றாள் என் மனைவி சரோஜா. "பஸ்ல அவசரம்னா எங்க எறங்கறது? வீட்லயும் கொறச்சிதான் குடுக்கறோம். போனாத்தானே எரியுது?"

"அப்போ இந்தக் கூஜா யாருக்கு?"

"இவருக்குங்க. தண்ணி இல்லாம இவரு திண்டிவனம் தாண்ட மாட்டாரு."

நான் கூஜாவை நாற்காலிக்குக் கீழே தள்ளினேன்.

"சிறுநீர்ப் பைக்குள்ள ஈரத்தோல் இருக்கும்மா. கிருமி அதுல ஒட்டினாத்தான் தங்கும். ஒட்ட விடாம புடிச்சிக்க அந்தத் தோல்லயே ஒரு பொருள் ஊறுது. புடிச்சா மட்டும் போதுமா? வெளிய தள்ளத் தண்ணி வேணுமில்ல?"

சரோஜா கன்னத்தில் கைவைத்தாள். "கிருமியப் புடிச்சி வெச்சிக்கினு, எப்படா தண்ணி வரும்னு நின்னுக்கினு இருந்திருக்கு, பாவம்!"

டாக்டரம்மாவே சிரித்துவிட்டார்.

எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். அந்த ஈரத்தோலுக்குச் சளிச்சவ்வு என்று பெயர். அதில் ஊறுவது எதிர்ப்புப் புரதம் (கிருமியைப் பிடிக்க உடம்பே சுரப்பது). தாய்ப்பாலிலும் உண்டாம். சின்ன வயதில் குறைவு, வளர வளரக் கூடும். சில குழந்தைகளுக்கு அது போதாமல்தான் தொற்று திரும்ப வருகிறதா என்று இன்னும் ஆராய்கிறார்கள்.

"அதை வாங்கி ஊசியா போட முடியாதுங்க. அவளுக்கே ஊறணும். அதுவரைக்கும் நாம காவல் நிக்கலாம்" என்றார் டாக்டரம்மா.

படம் எடுத்துப் பார்த்ததில் தழும்பு இல்லை. தினமும் படுக்கும்முன் கொஞ்சம் மருந்து, நிறையத் தண்ணீர், அடக்காமல் போக விடுவது. ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியே செய்தோம். நடுவில் ஒரே ஒரு தடவைதான் காய்ச்சல் வந்தது.

பிறகு ஒரு நாள் டாக்டரம்மா மருந்தை நிறுத்திவிட்டார். எனக்குத்தான் பயம். இனி உள்ளே ஊறுவதை மட்டும் நம்ப வேண்டும். அது கண்ணுக்குத் தெரிகிற பொருளா?

திரும்பும் பஸ்ஸில் கூஜா சுமதியின் மடியில் இருந்தது. விக்கிரவாண்டி தாண்டியதும், "அப்பா, ஒண்ணுக்கு" என்றாள். சரோஜா என்னைப் பார்த்தாள். நான் எழுந்து, "வண்டிய நிறுத்துங்க!" என்று கத்தினேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"ஜல்தி வாங்க சார், லேட்டானா எனக்குத்தான் பேஜாரு" என்றார் கண்டக்டர்.

புளியமரத்துக்கு அந்தப் பக்கம் அவள் உட்கார்ந்தாள். நான் முதுகைத் திருப்பிக்கொண்டு, அழுகைச் சத்தம் வருமா என்று நின்றேன். வரவில்லை. பாவாடையை உதறிக்கொண்டு ஓடிவந்தாள்.

முன்பெல்லாம் ஒரு காய்ச்சலுக்கும் அடுத்ததற்கும் நடுவில்தான் வாழ்ந்தோம். அதன்பின் நாட்கள் வெறும் நாட்களாக வரத் தொடங்கின. தண்ணீர் குடிக்கும்போது, உள்ளே காத்திருக்கும் யாருக்கோ கொடுப்பதுபோல இன்றும் இருக்கிறது.

மறுநாள் சுமதிக்குக் காய்ச்சல் இல்லை. பள்ளிக்கூடம் போனாள். நான் மல்லாட்டை பார்க்க ஓமந்தூர் போய்வந்தேன்.