இடப்பக்க இருக்கை

எங்கள் ஊர்க் கார்களைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். யாங்கோனில் சாலையின் வலப்பக்கம்தான் போக வேண்டும். ஜப்பானிலிருந்து வந்த பழைய கார்களுக்கோ ஸ்டியரிங்கும் வலப்பக்கமே. முன்னால் ஒரு லாரி போனால், எதிரே என்ன வருகிறதென்று ஓட்டுகிறவருக்குத் தெரியாது. இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவர்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

எனக்குச் சொன்னவர் என் கணவர். அவருக்கு ஓட்டத் தெரியாது. அதிகாரத்துக்கு மட்டும் குறைவில்லை. தாகேதாவில் எங்கள் வீட்டிலிருந்து கியாக்டடாவில் என் ஆபீஸ் வரைக்கும், நான் "போலாமா?" என்பேன். அவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "இரு, இரு... யதே, போ" என்பார். பர்மியத்தில் யதே என்றால் 'சரி, ஆகும்.' பஸ் கண்டக்டராகப் போயிருக்க வேண்டியவர் என்று கேலி செய்வேன்.

சித்திரை நெருங்கினால் அவருடைய தொணதொணப்பு இரட்டிப்பாகும். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த சாலையில் முதல் மழை விழுந்ததும் தூசியும் எண்ணெயும் குழைந்து வழுக்கும். படாவுக் மரங்கள் ஒரே நாளில் பூத்து அதன்மேல் மஞ்சளாகக் கொட்டும். திங்யான் தண்ணீர்த் திருவிழா வந்துவிட்டால் எவராவது ஒரு வாளித் தண்ணீரைக் கண்ணாடியில் வீசுவார்கள். "பிரேக்கை உதைக்காதே, மெதுவா அமுக்கு" என்பார் இவர். எனக்கு எரிச்சலாக வரும். இப்போது அந்தக் குரலுக்காகத்தான் ஏங்குகிறேன்.

அவர் மலேசியாவுக்கு வேலைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இந்தத் திங்யானுக்குக் கட்டாயம் வருகிறேன் என்று சொல்லியிருந்தார். முதல் மழை பெய்த அன்று காலை போன் செய்து, லீவு கிடைக்கவில்லை என்றார். "சரி" என்று வைத்துவிட்டேன். சாமி படத்துக்கு வைத்த படாவுக் பூவைக்கூடத் திரும்பிப் பார்க்காமல் காரை எடுத்தேன்.

ஆபீஸ் போகிற வழியில், பாலத்துக்கு முன்னால் மூங்கில் ஏற்றிய லாரி ஒன்று நகர்ந்துகொண்டிருந்தது. கோபத்தில், பழக்க தோஷத்தில், "போலாமா?" என்று கேட்டேன். பதில் வரவில்லை. வராவிட்டால் என்ன என்று இடப்பக்கம் ஒடித்தேன். எதிரே பஸ்.

பிரேக்கை உதைத்தேன். எதைச் செய்யாதே என்றாரோ அதையே செய்தேன். கார் பூவில் வழுக்கிக் குறுக்கே திரும்பியது. பஸ்காரர் ஒதுங்கியதால் பிழைத்தேன். படியில் தொங்கிய கண்டக்டர் பர்மியத்தில் கத்தினார்: "அக்கா, பக்கத்துல ஆள் இல்லாம எதுக்கு முந்துறீங்க?"

ஓரமாக நிறுத்தினேன். அழுதேன், வெட்கமில்லாமல். பிறகு அவருக்கு போன் போட்டேன். நடந்ததைச் சொல்லவில்லை. சொன்னால் அங்கே அவருக்கு வேலை ஓடாது.

"என்னம்மா, கோவமா?" என்றார்.

"இங்க மழைங்க. ரோடெல்லாம் பூ."

"ஐயோ, முந்தாதே. லாரி பின்னாடியே போ."

"அப்படித்தான் போறேன்."

"ஆபீசுக்கு லேட்டாகுமே?"

"ஆகட்டும். நீங்க வந்து இந்த சீட்டுல உட்கார்ற வரைக்கும் நான் லேட்டாத்தான் போவேன்."



"இரு" என்றார். "இரும்மா, வந்துடறேன்."