புளி போட்டுத் துலக்கிய செப்புக் குழாய்

எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு சித்திரை மாதத்தில், காவிரிக் கரையில் ஜேடர்பாளையத்தை ஒட்டிய எங்கள் தோட்டத்து வீட்டில் நடந்தது இது. நாமக்கல் அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்தது. நான் நாமக்கல்லில் ஒரு கல்லூரியில் வேதியியல் கற்பித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் மகளுக்கு அப்போது நான்கு வயது. வியர்வைச் சுரப்பிகள் இல்லாமல் பிறந்தவள். பற்களும் தலைமுடியும் குறைவு. அவற்றைப் பற்றி நாங்கள் கவலைப்படவில்லை. உடம்புச் சூட்டை வெளியேற்ற அவளுக்கு வழி இல்லை என்பதுதான் எங்கள் கவலை. வெயில் ஏறினால் அவளுக்கும் காய்ச்சல் ஏறும். இரண்டு கோடைக்கு முன் ஒருமுறை வலிப்பு வந்துவிட்டது. இன்னொரு முறை வந்தால் மூளையைப் பாதிக்கலாம் என்று சேலத்து மருத்துவர் சொன்னார். மருந்து கிடையாது, குளிர்ந்த அறை ஒன்றே வழி என்றும் சொன்னார்.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்குள் ஏசி என்பது அன்று கேள்விப்படாத சங்கதி. இந்தச் சம்பவத்துக்கு முந்தைய ஆண்டுப் பங்குனியில், ஒரு நூற்பாலை அலுவலகத்தில் கழித்துவிட்ட ஜன்னல் ஏசி ஒன்றைத் தேடிப் பிடித்து, நடு அறையின் ஜன்னலை இடித்துப் பொருத்தினோம். பொருத்தியவர் சேலத்து மெக்கானிக் ஒருவர். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். காக்கிச் சட்டை, எந்நேரமும் காதில் ஒரு பென்சில். அவர் போனபின் அறை மெல்லக் குளிர்ந்தது. மகள் போர்வை கேட்டாள். பங்குனி வெயிலில் தன் குழந்தை போர்வை கேட்கிறாளே என்று என் மனைவி அடுப்படியில் போய் நின்று அழுததை நான் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

அந்த இயந்திரத்தை அவள் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டாள். தினமும் துடைப்பாள். முன்மூடியைக் கழற்றி, தூசி வடிகட்டும் வலையை அலசிக் காயவைப்பாள். செவ்வாய் வெள்ளிகளில் அதற்கும் ஒரு பொட்டு விழும்.

நான்கு மாதம் ஓடியது. பிறகு ஒரு நாள் குளிர் குறைந்தது. மெக்கானிக் வந்து பார்த்தார். உள்ளே வளைந்து வளைந்து ஓடும், ‘காயில்’ என்று அவர் சொல்லும் செப்புக் குழாயில் பாதி பனி பூத்தும் பாதி வெதுவெதுப்பாகவும் இருந்தது.

“கேஸ் கசியுதுங்க. காயில்ல எங்கியோ ஊசிப்பொத்தல் உளுந்திருக்குது” என்றார்.

சோப்பு நுரையைப் பூசிக்கொண்டே போனார். ஒரு வளைவில் நுரை கொப்புளித்தது. அதைப் பற்றவைத்து, குளிரூட்டும் கேஸ் நிரப்பினார். போகும்போது தலையைச் சொறிந்துகொண்டு, “ஒண்ணுதான் வெளங்குலீங்க. கசியற எடத்துல எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருக்கும். அத வெச்சே கண்டுபுடிச்சுருவம். உங்க காயிலு என்னடான்னா கலியாண ஊட்டுக் குத்துவௌக்காட்ட மினுக்குது” என்றார்.

சுத்தமாக வைத்திருக்கும் வீடு என்ற பாராட்டாகவே அதை நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

ஆறு மாதம் கழித்து, தை கடந்ததும், மறுபடி கசிவு. இம்முறை பக்கத்து வளைவில். மறுபடி பற்றவைப்பு. சித்திரை பிறந்தபோது மூன்றாம் முறை நின்றுபோனது.

காவிரி ஒரு பக்கம், வாய்க்கால் ஒரு பக்கம், சுற்றிலும் வெற்றிலைக் கொடிக்கால். எங்கள் ஊர்ச் சூட்டில் ஈரம் கலந்திருக்கும். விசிறி வீசினாலும் அது போகாது. நான் முதல் பேருந்தைப் பிடித்துச் சேலம் போய் மெக்கானிக்கிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு, பரமத்திப் பக்கம் வந்த ஒரு லாரியில் நைட்ரஜன் சிலிண்டரை ஏற்றி, தாமும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தார்.

நாங்கள் வந்து சேர்ந்தபோது மகளுக்குக் காய்ச்சல் நூற்று மூன்று. வாசலில் வேப்ப நிழலில் பெரிய அண்டாவில் நீர் நிரப்பி, அவளைக் கழுத்தளவு உட்கார வைத்திருந்தாள் என் மனைவி. தலையில் ஈரத்துணி.

அந்தக் காட்சியைக் கண்டதும் என் நிதானம் போய்விட்டது. வழியெல்லாம் மனத்தில் ஊறிக்கொண்டிருந்த சந்தேகம் வாய்க்கு வந்தது.

“ஓட்டைய அடைக்க வர்றியா, இல்ல அடுத்த ஓட்டைக்கு வழி பண்ணிட்டுப் போறியா?” என்றேன். “ஒவ்வொரு தடவையும் உன்னையே கூப்படோணும்னு கணக்கா? உன்ற பொழப்புக்கு என்ற புள்ளதான் கெடைச்சுதா?”

பிள்ளைகளைக்கூட ‘ங்க’ போட்டு அழைக்கும் ஊர் எங்களுடையது. மூத்த ஒருவரை நான் அப்படிப் பேசியதில் என் மனைவி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். மெக்கானிக் சிலிண்டரை இறக்கி வைத்தார். அண்டாவருகே போய்க் குனிந்து, “சித்தெ பொறு சாமி, சாயந்தரத்துக்குள்ள உன்ற ரூமு குளுந்துரும்” என்று குழந்தையிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

இம்முறை அவர் நுரை பூசிப் பார்க்கவில்லை. காயிலையே தனியாகக் கழற்றி வெளியே எடுத்தார். ஒரு வாயை அடைத்து, மறுவாய் வழியே நைட்ரஜனை அழுத்தத்தோடு ஏற்றி, மாடுகள் நீர் குடிக்கும் சிமெண்டுத் தொட்டியில் அதை அப்படியே முக்கினார். துளை இருந்தால் குமிழி வரும், தப்பவே முடியாது.

வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் என்னிடம் கேட்டார்: “ஏனுங்க மாப்ள, மாடு தண்ணி குடிக்கற தொட்டீல குளுரு மிசினப் போட்டு முக்கறீங்களே, நாளைக்கு மாடு சளி புடிச்சுத் தும்முச்சுன்னா ஆருங்க மருந்து ஊத்தறது?”

யாரும் சிரிக்கவில்லை. மகள் மட்டும் அண்டாவிலிருந்து எட்டிப் பார்த்து, “அதுக்கும் காச்சலுங்களா?” என்று கேட்டாள்.

“ஆமா சாமி, அதுக்குந்தான்” என்றார் மெக்கானிக்.

குமிழிகள் வந்தன. ஒன்றல்ல, ஐந்து இடங்களில். ஐந்தும் ஒரே பக்கத்து வளைவுகளில், முன்மூடியைக் கழற்றினால் கைக்கு எட்டும் பக்கத்தில். அவர் காயிலை வெளியே எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு வளைவுகளுக்கு நடுவிலிருந்து நகத்தால் எதையோ சுரண்டி எடுத்தார். முகர்ந்தார். அவர் பார்வை ஒரு கணம் என் மனைவியின் பக்கம் போய், குழந்தையின் தலையில் ஈரத்துணியை மாற்றிக்கொண்டிருந்த அவள் கைகளில் நின்று, திரும்பியது. எடுத்ததைக் கால்சட்டையில் துடைத்துவிட்டார்.

“என்ன அது?” என்று அதட்டினேன்.

“தூசிங்க.”

“காரணம் என்னன்னு கேக்கறேன்.”

“போன தடவ நான் வெச்ச பத்தவைப்பு சரியில்லீங்க. சூடு அதிகமாக் காட்டிப்போட்டேன். சுத்தியும் செம்பு எளகிப்போச்சு. என்ற தப்புத்தானுங்க.”

நான் நினைத்தது சரி என்று ஆகிவிட்டது. அதற்கப்புறமும் நான் விடவில்லை. பேசியவற்றை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு ஐந்து வளைவுகளையும் அறுத்தெடுத்தார். புதிய வளைவுகளை ஒவ்வொன்றாகப் பற்றவைத்தார். மறுபடி தொட்டியில் முக்கினார். நீர் சலனமின்றி இருந்தது. எல்லாவற்றையும் பூட்டி, கேஸ் நிரப்பி, கடைசியாக ஒரு சிறு விளக்கை ஏற்றினார். கசிவு இருந்தால் அதன் நீலச் சுடர் பச்சையாகும். செம்பும் கேஸும் சுடரில் சேர்ந்தால் வரும் நிறம் அது. வகுப்பில் ஆண்டுதோறும் நான் செய்து காட்டுவது. ஒவ்வொரு வளைவாகச் சுடரைக் கொண்டுபோனார். நீலமாகவே இருந்தது.

மாலை ஐந்து மணிக்கு அறை குளிர்ந்தது. மகளைத் துடைத்து உள்ளே கிடத்தினோம். ஆறு மணிக்குக் காய்ச்சல் நூற்று ஒன்று. ஆறரைக்கு நூறு. அவள் தூங்கிவிட்டாள்.

காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத அவருக்கு மனைவி இலை போட்டாள். சோற்றை வைத்துவிட்டு நகராமல் நின்றாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்:

“ஏனுங்க, அவர இனி ஒண்ணும் சொல்லாதீங்க. அந்தக் கொழாயத் தொலக்குனது நாந்தானுங்க. வியாழக்கெழம வியாழக்கெழம, வௌக்குத் தொலக்கறப்ப, அதையும் புளியும் உப்பும் போட்டுத் தொலக்குவேன். அவரு நவத்துல எடுத்தது புளி நாருங்க. நான் பாத்தேன்.”

மெக்கானிக் சாப்பாட்டிலிருந்து தலை தூக்கவில்லை. “அட, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க அம்மிணி.”

“உங்களுக்கு அப்பவே தெரியுந்தானுங்களே?”

“தெரியுமுங்க.”

“அப்பறம் ஏனுங்க உங்க தலைல போட்டுக்கிட்டீங்க?”

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். “புள்ள காச்சல்ல கெடக்குது. பெத்தவகிட்ட அந்நேரத்துல போயி, உன்ற கைதான் இதப் பண்ணுச்சுன்னு சொல்றதுங்களா? எனக்கென்னுங்க, நாலு வார்த்த திட்டு வாங்கிக்கிட்டு அடுத்த பஸ்ஸுல ஏறுனாப் போச்சு. நீங்க இங்கயே இருக்கோணுமில்லீங்க.”

எனக்கு விளங்காதது எதுவும் இல்லை. பாத்திரத்தைப் புளி போட்டுத் துலக்கினால் அலசிவிடுவோம். இதை அலச முடியாது. மின்சாரத்தில் நீர் பட்டுவிடும் என்று பயந்து ஈரத்துணியால் துடைத்து நிறுத்தியிருக்கிறாள். குழாயோ ஏசி ஓடும் நேரமெல்லாம் காற்றின் ஈரம் படிந்து நனைந்தே இருப்பது. மெல்லிய செம்பு, அதன் மேல் புளியின் அமிலம், உப்பு, ஈரம். என்ன ஆகும் என்று என் மாணவன் ஒருவன் எழுதாமல் விட்டால் மதிப்பெண் குறைப்பேன்.

அதைவிடப் பெரியதொன்று அந்த நேரத்தில் என் நினைவுக்கு வந்தது. ஏசி பொருத்திய முதல் மாதத்தில் ஒரு நாள், முன்மூடியைக் கழற்றி அவளுக்குப் பாடம் நடத்தினேன். ஒரு வளைவில் இலேசாகப் பச்சை பூத்திருந்தது. அதைத் தொட்டுக் காட்டி, “இதுதான் களிம்பு. இத உட்டா செம்பையே தின்னுபோடும்” என்று சொன்னேன். சொல்லிவிட்டு மறந்துபோனேன். அவள் மறக்கவில்லை. மகளின் மூச்சு ஓடும் குழாயாக அதை நினைத்தவள், களிம்பு அண்டாமல் காக்க, தனக்குத் தெரிந்த மிக நல்ல வழியைச் செய்திருக்கிறாள்.

அதை அவள் சொல்லவில்லை. ‘நீங்கள்தானே சொன்னீர்கள்’ என்ற ஒரு வார்த்தை அவள் வாயில் வரவில்லை. தன்மேல் இல்லாத பழியை ஒருவர் சுமந்தார். பாதிப் பழிக்கு உரியவள் முழுவதையும் ஏற்றாள். மீதிப் பாதிக்கு உரியவன் நான். குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

பேருந்து ஏற்றிவிடும்போது, பேசியதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். “உடுங்க வாத்தியாரய்யா, புள்ளைக்குன்னா நானும் அப்படித்தான் கத்தியிருப்பேன்” என்றார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அவரே வந்து காயிலைக் கழுவித் தருவதாகச் சொன்னார், சொன்னபடி வந்தார். மென்மயிர்த் தூரிகை ஒன்றை மனைவியிடம் கொடுத்து, “அம்மிணி, தொடறதா இருந்தா இதுல மட்டும் தொடுங்க. புளியக் கொழம்புக்கு வெச்சுக்குங்க” என்பார். அவள் சிரிப்பாள். அந்தக் காயில் அதன் பிறகு ஒருமுறையும் கசியவில்லை. மகளுக்கு வலிப்பும் வரவில்லை.

மகள் வளர்ந்தாள், படித்தாள், குளிர்நாடொன்றில் குடியேறினாள். ஏசியைப் புளி போட்டுத் துலக்கிய கதை எங்கள் குடும்பத்தின் வேடிக்கைக் கதையாயிற்று. கல்யாண வீடுகளில் என்னைச் சொல்லச் சொல்வார்கள். நானும் சொல்வேன்: தொட்டி, மாட்டுக்குச் சளி, புளி நார், எல்லாம் வரும். களிம்புப் பாடம் மட்டும் வராது. எல்லாரும் சிரித்து முடித்ததும் மனைவி என் பக்கம் திரும்பி, “ஆமாங்க, எனக்கென்ன கெமிஸ்ட்ரியா தெரியும்?” என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். அவள் சொல்லாமல் விட்டது என்ன என்பது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். நாற்பது ஆண்டுகளில் ஒருமுறைகூட அவள் அதற்கு மேல் போகவில்லை.

போன ஐப்பசியில் அவள் காலமானாள். காரியத்துக்கு வந்திருந்த மகள், தன் பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்து, பாட்டி ஏசியைத் துலக்கிய கதையை நான் சொல்கிற மாதிரியே சொன்னாள். பிள்ளைகள் சிரித்தார்கள். கதை முடிந்ததும் எங்களையறியாமல் நானும் மகளும் ஒரு குரலுக்காகக் காத்திருந்தோம். அந்த இடத்திலாவது நான் வாய் திறந்திருக்க வேண்டும், திறக்கவில்லை.

அவள் உயிரோடு இருந்தபோது அவளுக்குத் தந்திருக்க வேண்டிய அந்த ஒரு வாக்கியத்தை, அவளை அறியாத உங்களிடம் இப்போது சொல்கிறேன்: களிம்பு ஆகாது என்று அவளுக்குச் சொன்னவன் நான்தான்.